பத்துப் புள்ளி இரண்டு

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி போனில் நான் சொன்ன பதில் போதவில்லை என்று படுத்த பிறகுதான் தோன்றியது. அஞ்சாம் மாச ஸ்கேனுக்கு வந்த செஞ்சிப் பெண். கருவின் மூளை வென்ட்ரிக்கிள் 10.2 மி.மீ. பத்துக்குக் கீழே இருந்திருந்தால் நார்மல் என்று எழுதி அனுப்பியிருப்பாய்.

முதலில் மறுபடி மூன்று தடவை அள. தலையின் குறுக்குவெட்டு நேராகக் கிடைத்ததா, காலிப்பரின் இரு முனையும் சுவரின் உள்விளிம்பில் நிற்கிறதா என்று பார். கோடு கொஞ்சம் சாய்ந்தால் போதும், 9.8 பத்தைத் தாண்டிவிடும். மூன்று தடவையும் தாண்டினால் கார்ப்பஸ் கலோசம், சிறுமூளை, முதுகெலும்பு, இதயம், முகம் என்று எல்லாவற்றையும் நிதானமாகப் பார். தாய்க்கு சி.எம்.வி., டாக்ஸோ தொற்றுகளுக்கான ரத்தப் பரிசோதனை எழுது. பனிக்குட நீர் எடுத்துச் செய்யும் மரபணுச் சோதனையைப் பற்றியும் சொல். வேண்டுமா என்று அவர்கள் முடிவெடுக்கட்டும். வேறு குறையே இல்லாமல் 10-க்கும் 12-க்கும் நடுவில் நிற்கிற குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் இயல்பாகவே வளர்கின்றன.

ஆண் கருவுக்கு இந்த அளவு ஒரு மயிரிழை கூடுதலாக இருக்கும் என்று நாம் படித்திருக்கிறோம். ஆறுதலுக்குக்கூட அதைச் சொல்லிவிடாதே. சொன்னால் ஆணா பெண்ணா என்று சொன்னதாகிவிடும். அதைத் தடுக்கும் 1994 சட்டம் வாசலிலேயே பலகையாகத் தொங்குகிறது.

அளப்பதைப் பழகிவிடலாம். அதைத் தமிழில் சொல்வதில்தான் நான் தவறினேன். உன் வயதில் திண்டிவனத்தில் ஒரு நர்சிங் ஹோமில் இருந்தேன். இதே மாதிரி ஒரு கேஸ். ஜெல்லைக்கூடத் துடைக்காமல், படுத்திருந்தவளின் தலைக்கு மேலாக அவள் புருஷனிடம், "மூளையில தண்ணி கொஞ்சம் கூட இருக்கு, மூணு வாரம் கழிச்சு வாங்க" என்றேன். அவர்கள் வரவில்லை. எட்டாம் மாசம் வளர்ச்சி ஸ்கேனுக்கு வந்தாள். புரோபை வைக்கும்போது கையைப் பார்த்தேன், ஒரு கண்ணாடி வளையல்கூட இல்லை. மாமியார் வளைகாப்பையே நிறுத்திவிட்டாராம். 'தலையில நீர் கோத்த பிள்ளை'க்கு எதற்கு வளையல் என்று. அன்று அளந்தேன்: 7.6. மூன்று மாசமாக அந்த வீடு என்னுடைய ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அழுதிருக்கிறது.

இப்போது நான் இப்படித்தான் சொல்கிறேன்: "நம்ம எல்லார் மூளைக்குள்ளயும் நீர் இருக்கிற சின்ன அறை உண்டும்மா. உங்க பிள்ளைக்கு அது எல்லைக்கோட்டுல நிக்குது. பெரும்பாலும் அப்படியே நிக்கும், இல்லைன்னா குறைஞ்சிடும். கூடுதான்னு பார்க்கத்தான் இன்னொரு ஸ்கேன்." உட்கார வைத்து, முதலில் அவளிடம் சொல், வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்து கேட்கட்டும். இதயத்தில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலும் இதே ஜாக்கிரதை வேண்டும். நம் பெண்களின் கருவில் அது சாதாரணமாகத் தென்படுவது. தனியாக இருந்தால் இதயத்துக்குக் கெடுதல் இல்லை. நீ சொல்கிற 'புள்ளி' திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் 'ஓட்டை' ஆகியிருக்கும்.

அளக்கும்போது நீ பேசாமல் இருந்தால் அவள் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு உன் முகத்தைப் பார்ப்பாள். "அளக்கிறப்ப பேசமாட்டேன், பயப்படாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடு.

வாரக்கணக்கையும் மறக்காதே. 18-20 வாரத்தில் வருகிறவளுக்கு 'மூணு வாரம் கழிச்சு' என்பது சரி. அறுவடை முடிந்து 22-ல் வருகிறவளிடம் அதையே சொன்னால் 24 தாண்டிவிடும். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி அதற்குமேல் பெரிய குறைபாடு என்றால் மருத்துவ வாரியம்தான் முடிவு செய்யும். அப்படிப்பட்டவளை அன்றைக்கே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ அனுப்பு, அடுத்த தேதியைச் சீட்டில் எழுதிக் கையில் கொடு. வெறும் 10.2-க்குக் கலைத்துவிடலாமா என்று கதவோரத்தில் யாராவது கேட்பார்கள். அதற்குத் தேவையே இல்லை என்று நேராகவே சொல்.

செஞ்சிக்காரி வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வருவதாகச் சொன்னாய். முதல் டோக்கன் அவளுக்கே போடு. ராத்திரி எல்லாம் தூங்கியிருக்கமாட்டாள்.

அன்புடன்,
அண்ணன்