36-ஐத் தொடுவதற்கு முன்

டப்ளினில் சொலிசிட்டராக வேண்டுமென்றால் முதலில் எஃப்.இ.-1 தேர்வில் எட்டுத் தாள் எழுதித் தேற வேண்டும். அதில் என்னைக் கவிழ்த்தது ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். அதிலும் சரக்குகள் நாடு விட்டு நாடு தடையில்லாமல் போவது பற்றிய ஒரே ஒரு கேள்வி. தகுதிச் சான்று, பதிவு, கட்டணம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும்; லா சொசைட்டியின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே கிடைக்காததை மட்டும் சொல்கிறேன்.

நீங்களும் என்னைப் போல நம்மூர்க் கோர்ட்டில் சில காலம் வக்கீலாக இருந்துவிட்டு, நர்ஸ் வேலை கிடைத்த மனைவியோடு இங்கே வந்து, பிள்ளை தூங்கிய பிறகு சமையலறை மேசையில் புத்தகத்தைத் திறப்பவராகத்தான் இருப்பீர்கள். அப்படியானால் நம்மூர்ப் பழக்கம் ஒன்று உங்களுக்கும் இருக்கும். இந்திய அரசியல் சாசனத்தின் 301-ஆம் பிரிவு நாடு முழுக்க வணிகம் தடையின்றி நடக்கலாம் என்கிறது. பொதுநலனுக்காக மாநிலங்கள் நியாயமான கட்டுப்பாடு விதிக்க 304(பி) வழிவிடுகிறது. அதனால் கட்டுப்பாடு என்று எதைக் கண்டாலும் ‘இது நியாயமானதா’ என்று உடனே வாதாடத் தொடங்கிவிடுவோம். ஐரோப்பியச் சட்டத்தில் அந்தக் கேள்விக்கு முறை வருவது கடைசியில்தான்.

தேர்வில் வந்த கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். மற்ற உறுப்பு நாடுகளிலிருந்து வரும் தேன் பாட்டில்களில் மட்டும் ‘இறக்குமதி’ என்று அச்சிட வேண்டும் என ஒரு நாடு உத்தரவு போடுகிறது. வாங்குபவர் ஏமாறக்கூடாது என்பது அரசின் வாதம். நான் பக்கம் பக்கமாக எழுதினேன். நுகர்வோர் பாதுகாப்பு, 1979-இன் காஸி டி டீஜோன் தீர்ப்பு, 25 சதவீத ஆல்கஹால் இல்லாத பழமதுவை ஜெர்மனி தடுத்தது, லேபிளே போதும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது… ஒன்றுகூடப் பொய்யில்லை. மதிப்பெண்தான் வரவில்லை.

காரணம், காசு கொடுத்துச் சேர்ந்த பயிற்சி வகுப்பின் நோட்ஸ். அதில் ‘நியாயப்படுத்தும் காரணங்கள்’ என்று ஒரே பட்டியல்: பொது ஒழுக்கம், பொதுப் பாதுகாப்பு, உயிர்களின் நலம், தேசியப் பொக்கிஷங்கள், அதற்கு அடுத்த வரியிலேயே நுகர்வோர் பாதுகாப்பு, நேர்மையான வணிகம், வரிக் கண்காணிப்பு, சுற்றுச்சூழல். முதல் பாதி ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 36-ஆம் பிரிவில் இருப்பது. மறுபாதி நீதிமன்றம் தீர்ப்புகளில் சேர்த்தது. இறக்குமதியை வெளிப்படையாகப் பாகுபடுத்தும் உத்தரவைக் காப்பாற்ற முதல் பாதியிலிருந்துதான் காரணம் எடுக்கலாம். நுகர்வோர் பாதுகாப்பு 36-இல் கிடையாது. என் தேன் அரசு அங்கேயே தோற்றுவிட்டது. மீதிப் பக்கங்கள் வீண்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், இது அயர்லாந்தின் சொந்த வழக்கு. ஷாம்ராக் இலை, ஓநாய் வேட்டை நாய், வட்டக் கோபுரம் பதித்த நகைகளும் நினைவுப்பொருட்களும் வெளிநாட்டில் செய்தவையாக இருந்தால், செய்த நாட்டின் பெயரையோ ‘அந்நியப் பொருள்’ என்றோ பொறிக்க வேண்டும் என்று 1971-இல் உத்தரவு போட்டார்கள். 1981-இல் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம், இறக்குமதிக்கு மட்டுமான விதி என்பதால் நுகர்வோர் வாதத்துக்கே இடமில்லை என்றது. நினைவுப்பொருளின் சாரம் போன இடத்தை நினைவூட்டும் படம்தான், அது எங்கே செய்யப்பட்டது என்பதல்ல என்றும் சொன்னது. நாசோ தெருக் கடைகளில் அந்த ஷாம்ராக் சாவிக்கொத்துகளைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போனோம். வகுப்பில் இந்த வழக்கு ஒரு வரி.

ஆசிரியரிடம் கேட்டேன். “2001-இல் ப்ராய்சன் எலெக்ட்ரா தீர்ப்பிலேயே இந்தப் பிரிவினை கரைந்துவிட்டதே” என்றார். கரைந்தது சுற்றுச்சூழல் விஷயத்தில். காற்றாலை மின்சாரத்துக்குக் கிடைத்த சலுகை தேன் பாட்டிலுக்கு எப்படி வரும்? விதியை முதலில் எழுதி, அந்தத் தீர்ப்பை விதிவிலக்காகச் சேர்த்தால் மதிப்பெண் கூடும். விதியே தெரியாதவனுக்கு விதிவிலக்கால் என்ன பயன்?

அடுத்த முறை நான் எழுதிய வரிசை இது. முதலில், நடவடிக்கை அரசுடையதா? சட்டம்தான் வேண்டுமென்பதில்லை, 1982-இல் ‘ஐரிஷ் பொருளையே வாங்குங்கள்’ என்ற பிரசாரமே சிக்கியது. இரண்டாவது, விதி இறக்குமதிக்கு மட்டுமா, எல்லாச் சரக்குக்குமா? இறக்குமதிக்கு மட்டும் என்றால் நேராக 36. எல்லாவற்றுக்கும் என்றால் மூன்றாவது கேள்வி: விதி பொருளின் உள்ளடக்கம், வடிவம், லேபிளைத் தொடுகிறதா, விற்கும் முறையைத் தொடுகிறதா? முதலாவது காஸி வழி. இரண்டாவது 1993-இன் கெக் வழி. உள்நாட்டுச் சரக்கையும் வெளிநாட்டுச் சரக்கையும் சட்டத்திலும் நடைமுறையிலும் ஒரே மாதிரி பாதித்தால் இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தடைசெய்யும் 34-ஆம் பிரிவுக்குள்ளேயே வராது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் காரணம், அது அளவோடு இருக்கிறதா என்பதெல்லாம்.

ஆட்களின் நகர்வுக்கும் இதே ஒழுங்குதான்: எல்லை தாண்டினார்களா என்று முதலில் பாருங்கள். 1992-இன் சுரிந்தர் சிங் வழக்கில் அந்த இந்தியக் கணவருக்கு ஐரோப்பியச் சட்டம் கைகொடுத்தது, பிரிட்டிஷ் மனைவி ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியதால். நம்மைப் போல இருவருமே இந்திய பாஸ்போர்ட் என்றால் அந்த உரிமையும் இல்லை; பாரிஸுக்கு ஒரு வார இறுதி போகவே விசா வேண்டும். படிக்கிற சட்டம் நமக்குப் பொருந்தாது, ஆனாலும் படித்துத்தான் ஆக வேண்டும்.

புது நோட்ஸ் வாங்காமல் தீர்ப்புகளையே உட்கார்ந்து படித்தேன். “இதெல்லாம் நேர விரயம், கேஸ் பெயர் தெரிந்தால் போதும்” என்று கூடப் படித்த நண்பர் சிரித்தார். அவர் இன்னும் அதே தாளை எழுதிக்கொண்டிருக்கிறார். அந்தப் பட்டியல் இந்த ஆண்டு நோட்ஸிலும் அப்படியே இருப்பதாகக் கேள்வி. உங்கள் கைக்கு வந்தால், தேசியப் பொக்கிஷங்களுக்கும் நுகர்வோர் பாதுகாப்புக்கும் நடுவே பேனாவால் ஒரு கோடு கிழித்துவிட்டுப் படிக்கத் தொடங்குங்கள்.