ஏரியைப் பச்சையாக்குவது எது?

ஏரி நீர் சில ஆண்டுகளில் பச்சைச் சாயம் கரைத்தாற்போல் ஆகிவிடுவதைப் பலரும் கண்டிருப்போம். அப்பாசிக்கு உணவு எங்கிருந்து வந்தது என்பதை இங்குக் காண்போம்.

பாசிக்கும் பயிரைப் போலவே கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றும் வேண்டும். ரெட்ஃபீல்டு என்னும் அறிஞர் கடலின் மிதவை உயிர்களில் பாஸ்பரஸ் அணு ஒன்றுக்கு நைட்ரஜன் 16, கார்பன் 106 என்ற விகிதத்தைக் கண்டார். நன்னீரில் இது சற்று முன்பின் இருக்கும். எனினும் பாஸ்பரஸின் தேவை சொற்பமே. அந்தச் சொற்பம்தான் கடிவாளம்!

1960-களில் வட அமெரிக்க ஏரிகள் பாசியால் நாறத் தொடங்கியபோது, மூன்றில் எது காரணம் என்ற வழக்கு எழுந்தது. அக்காலச் சலவைத் தூள்களில் பாஸ்பேட் மிகுதி. ஆகவே கார்பனே காரணம் என்ற வாதம் சிலருக்கு வசதியாக இருந்தது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், ஆராய்ச்சிக்கென ஒதுக்கப்பட்ட சிற்றேரிகளில் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் இதைச் சோதித்தனர். 227-ஆம் எண் ஏரியில் கரைந்த கார்பன் மிகக் குறைவு. 1969 முதல் அதில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மட்டுமே இட்டனர். ஏரி பச்சையாயிற்று. குறைந்த கார்பனைக் காற்றிலிருந்த கரியமில வாயுவே ஈடுசெய்தது. 1973-இல், இடை சிறுத்த 226-ஆம் எண் ஏரியைத் திரையிட்டு இரண்டாகப் பிரித்தனர். இரு பாதிக்கும் கார்பனும் நைட்ரஜனும் இட்டு, ஒன்றுக்கு மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தனர். அந்தப் பாதியே பாசி படர்ந்து பச்சையாயிற்று. வானிலிருந்து எடுத்த அந்தப் படம் ஒன்று நூறு அட்டவணைகளுக்குச் சமம்.

கார்பனும் நைட்ரஜனும் காற்றில் உண்டு. நீலப்பச்சைப் பாசிகளில் சில காற்றின் நைட்ரஜனையே நிலைப்படுத்திக்கொள்ளும். பாஸ்பரஸுக்கோ அத்தகைய வாயு வடிவம் இல்லை. சாக்கடையோடும் அரித்து வரும் வயல் மண்ணோடும் நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்தே அது பெரும்பாலும் வருகிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில் விழுந்த கழிவுநீரை 1963 தொடங்கி 1968-க்குள் வேறு வழியில் திருப்பினர். சில ஆண்டுகளிலேயே நீர் தெளிந்தது.

எல்லா ஏரியும் இவ்வளவு விரைவில் தெளிவதில்லை. மடிந்த பாசி அடியில் அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. அப்போது சேற்றில் இரும்போடு பிணைந்திருந்த பாஸ்பரஸ் விடுபட்டு மறுபடியும் நீரில் கலக்கிறது. பாசி சேர்த்த கார்பனில் ஒரு பகுதி சேற்றில் புதைய, ஒரு பகுதி மீத்தேனாகக் குமிழியிட்டு வெளியேறுகிறது. ஆழமற்ற நம் ஏரிகளில் காற்றடித்தாலே சேறு கலங்கிவிடும்.

கோடையில் ஏரி வண்டலை வண்டியில் ஏற்றி வயலுக்கு அடிக்கும் நம் உழவர் வழக்கம், நிலத்திலிருந்து வந்த பாஸ்பரஸை நிலத்துக்கே திருப்பியது. இன்று பல ஏரிகளில் தூர்வாருமுன் வரத்துக் கால்வாயை மேல்முனை வரை நடந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே சாக்கடை திறந்திருந்தால், இங்கே அள்ளிய ஆகாயத்தாமரை அடுத்த மழைக்குள் திரும்பவும் கரை தொட்டு நிற்கும்.