கைக்குழிதான் முதலில்

கையைத் தூக்கினால் ஜாக்கெட்டும் சேர்ந்து மேலே ஏறுகிறதா? பெரும்பாலும் கைக்குழியை, அதாவது கை பொருத்தும் வளைவை, ஆழமாக வெட்டியதுதான் காரணம். சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். அக்குளில் பிடிக்கிறது என்றதும் இன்னும் கீழே இறக்கி வெட்டச் சொல்வார்கள். பிடிப்பு கூடத்தான் செய்யும். தையல் அக்குளை ஒட்டி இருந்தால் கை மட்டும் அசையும். கீழே இறங்கிவிட்டால் கையோடு பக்கத்துணி முழுவதும் இழுபடும். சிறு வயதிலிருந்து என் துணிகளை நானே தைத்துப் போடுகிறேன். அதில் தெரிந்துகொண்டவற்றில் முதல் இடத்தை இந்தக் கைக்குழிக்கே கொடுப்பேன்.

கண்ணால் பார்த்துக் கற்றது புது மண்டபத்தில். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். அப்போது சிற்பத் தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் மிஷின்கள் ஓடும். சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கும் திரி எடுக்கிறவர்களுக்கும் அங்கேதான் உடை தைப்பார்கள். எவ்வளவு அவசரம் என்றாலும் துணியை விரித்து, நீவி, இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்த பிறகே கத்திரி எடுப்பார்கள். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வேலையை ஒருமுறை காட்டுங்கள்.

மதுரை வெயிலுக்குப் பருத்திதான் சரி. அதிலும் எனக்குச் சுங்குடி. 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற துணி. சௌராஷ்டிர மக்களின் கைத்தொழில். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய அசல் சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் லேசாகச் சுருங்கி மேலெழும்பி நிற்கும். அச்சடித்த துணியில் அது இருக்காது. விரலால் தடவினாலே தெரிந்துவிடும். எடுத்து வந்த அன்றே வெட்டிவிடக் கூடாது. தனியாகத் தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சியும் மிச்சச் சாயமும் போக அலசி, நிழலில் காயவைக்க வேண்டும். பருத்தி சுருங்கும், தைத்த பிறகு சுருங்குவதைவிட முன்னாலேயே சுருங்கிவிடுவது நல்லது.

கிராஸ் கட் ஜாக்கெட்டில் மார்புத் துண்டைத் துணியின் மூலைவாக்கில் வெட்டுவார்கள். நேர் இழையில் பருத்தி அவ்வளவாக நீளாது. மூலைவாக்கில் இழுத்தால் நீளும். அதனால்தான் அந்த இடம் உடம்போடு படிகிறது. ஆனால் புள்ளி வரிசையும் சாய்ந்துவிடும். இடமும் வலமும் ஒரே சாய்வில் வர வேண்டுமானால் ஒரு துண்டை வெட்டி, அதையே புரட்டிப் போட்டு மற்றதை வெட்ட வேண்டும். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். பக்கத் தையலுக்கு உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விடுங்கள். உடம்பு கூடும், குறையும். கடையில் வாங்கும் பல உடைகளில் பிரித்துவிட உள்ளே துணியே இருப்பதில்லை. வீட்டில் தைப்பதற்கு இந்த ஒரு காரணம் போதும் எனக்கு.

மிதி மிஷின் போதும். இயந்திரங்களை அவ்வளவு கண்டித்த காந்தியே 1924-இல் தையல் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மிஷின் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. சுங்குடிக்குப் பதினான்காம் நம்பர் ஊசி, மெல்லிய துணிக்குப் பதினொன்று, கெட்டித் துணிக்குப் பதினாறு. பாபினுக்கு அடியில் சேரும் பஞ்சைத் தட்டிவிட்டு இரண்டு சொட்டு எண்ணெய். தையல் விட்டுவிட்டு விழுந்தால் டென்ஷனைத் திருகுவதற்கு முன்னால் ஊசியை மாற்றிப் பாருங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஜாக்கெட்டில் கைவைக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் பழைய பருத்திச் சேலையில் உள்பாவாடை தையுங்கள், நேர்த்தையல் பழகிவிடும். அடுத்து நைட்டி, பிறகு சுடிதார் டாப். ஜாக்கெட்டுக்கு வரும்போது பழைய அளவு ஜாக்கெட்டை நம்பாமல் டேப்பை எடுத்து உங்கள் உடம்பிலேயே அளந்துகொள்ளுங்கள், கைக்குழியை முதலில்.