சிறு விமானத்தில் காலுக்கும் வேலை உண்டு

ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையமும், விமானிப் பயிற்சிப் பள்ளிகளுக்காக இந்திய விமான நிலைய ஆணையம் தேர்ந்தெடுத்த இடங்களில் ஒன்று. அத்தகைய பள்ளியில் சிறிய விமானத்தில் ஏறும் புது மாணவருக்குக் கை சீக்கிரம் பழகிவிடும், கால்தான் அடம்பிடிக்கும்.

வலப்பக்கம் சாய்க்கும்போது இடது இறக்கையின் எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்) கீழே இறங்கும். அங்கே தூக்குவிசை கூடும், கூடவே இழுவையும் கூடும். அதனால் மூக்கு முதலில் இடப்பக்கம் விலகும். ரைட் சகோதரர்களையே திணறடித்த சிக்கல் இது. 1902-இல் தங்கள் கிளைடரின் அசையாத வாலை அசையும் சுக்கானாக மாற்றிய பிறகுதான் அவர்களுக்கு வழி பிறந்தது.

இன்று அந்தச் சுக்கானைக் கால் பெடல்களால் அசைக்கிறோம். பழக ஒரு வழி: பாதுகாப்பான உயரத்தில், பயிற்றுநர் அருகிலிருக்க, சேர்வராயன் மலை முகடு ஒன்றைக் குறிவைத்து, மூக்கு அதைவிட்டு விலகாமல் விமானத்தை இடமும் வலமும் மாறி மாறிச் சாய்க்க வேண்டும். எய்லரானும் சுக்கானும் ஒரே நேரத்தில், ஒரே பக்கம். மூக்கு அலைந்தால் கால் பிந்துகிறது அல்லது மிகுகிறது. வெயில் ஏறினால் சமவெளிக் காற்று குலுக்கும். காலை நேரமே நல்லது.

விமானம் பக்கவாட்டில் சறுக்குவதைக் காட்டும் கருவியில் பந்து ஒதுங்கும் பக்கத்துப் பெடலை மிதிக்கவும். பந்தையே வெறித்துப் பார்ப்பது வீண். இருக்கையில் உடம்பு சரிவதே சொல்லிவிடும். செஸ்னா 172 முழு விசையில் மேலேறும்போது வலது பெடல் கேட்கும்.

ஒன்றில் மட்டும் விளையாட்டு கூடாது. ஓடுபாதைக்கு நேராகத் திரும்பும் கடைசி வளைவில் சுக்கானைக் கூடுதலாக மிதித்து மூக்கைத் திருப்பினால், வேகமும் குறைந்திருக்கும் நிலையில், விமானம் சுழன்று விழலாம். மீட்க உயரம் இருக்காது. நேர்க்கோட்டைத் தாண்டிவிட்டால் மேலேறி, மறுபடி சுற்றி வருவதே சரி.