தேன்சிட்டும் அணிலும்

நம் வீட்டுச் செம்பருத்தியில் தேன் குடிக்கும் சிட்டைப் பிள்ளைகள் ‘ஹம்மிங் பறவை’ என்பார்கள். அது ஊதாப்பிட்டு தேன்சிட்டு. ஹம்மிங் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு.

தேன்சிட்டின் எடை 10 கிராம் அளவே. முற்றத்து அணிலோ 100 கிராம் இருக்கும். சிட்டு 2 முட்டையிட்டு, இரண்டு வாரம் அடைகாத்து, குஞ்சுக்குப் பூச்சி ஊட்டும். அணில் பாலூட்டி, ஐந்து வாரம் அளவு சுமந்து, கண் திறவாத 2, 3 குட்டிகளை ஈன்று பால் கொடுக்கும்.

சிலந்தி நூலால் சருகையும் நாரையும் பிணைத்துச் சிட்டு கட்டும் தொங்கு கூடு, பார்வைக்கு ஒட்டடை போலிருக்கும். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் பெருநாளுக்கு வீடு சுத்தம் செய்வோர் கவனியுங்கள்: உள்ளே குஞ்சு இருக்கலாம். அது பறந்த பிறகு துடைப்பத்தை எடுங்கள்.