ஒலிபெருக்கியின் மின்வழங்கி: கணினித் திரையில் ஒரு செய்முறை

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு முன்பே எங்கள் பள்ளி ஒலிபெருக்கி 'ம்ம்ம்' என்று இரையத் தொடங்கிவிடும். தாம்பரம் பக்கத்தில் ரயிலும் விமானமும் தரும் சத்தம் போதாதென்று இது வேறு. விடுமுறையில் மைக்செட் கடையில் வேலை பார்க்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், "கெப்பாசிட்டர் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றான். மறுவாரமே ரிச்சி தெருவுக்குப் போய் 4700 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் மின்தேக்கிகள் இரண்டை வாங்கியும் வந்துவிட்டான். 25 வோல்ட்டை விட விலை குறைவாம்.

உடனே பொருத்த நான் விடவில்லை. உயர் தொழில்நுட்ப ஆய்வகத்துக்கு வகுப்பை அழைத்துச் சென்றேன். உலாவியிலேயே இயங்கும் ஃபால்ஸ்டாட் சுற்றுச் செயலியை எடுத்துக்கொண்டோம். எதையும் நிறுவ வேண்டியதில்லை. நிறுவ வசதி இருந்தால் ஐஐடி பம்பாயின் ஈசிம், அல்லது எல்டிஸ்பைஸ் இலவசமாகக் கிடைக்கின்றன. இவ்விரண்டும் 1970-களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்பைஸ் நிரலின் வழிவந்தவை.

எங்கள் பெருக்கியில் இருப்பது 12-0-12 மின்மாற்றி, நான்கு டையோடுகள், இரண்டு மின்தேக்கிகள். பாடநூலில் உள்ள முழு அலைதிருத்திதான், நேர் பக்கத்துக்கும் எதிர்ப் பக்கத்துக்கும் தனித்தனியாக வேலை செய்கிறது. மாணவர்கள் மின்மூலத்தில் 12 என்று உள்ளிட்டார்கள். வெளியீடு 11 வோல்ட்டைச் சுற்றி நின்றது. மின்மாற்றியின் மேல் எழுதியிருக்கும் 12 எந்த மதிப்பு என்று கேட்டேன். சற்று அமைதி. பிறகு ஒரு மாணவி, "ஆர்எம்எஸ் சார்" என்றாள். செயலி கேட்பதோ உச்ச மதிப்பு. 1.414-ஆல் பெருக்கினால் 17. தேர்வுக்காக மனப்பாடம் செய்த சூத்திரம் அன்றுதான் அவர்களுக்குப் பயன்பட்டது.

அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸ் என்று மாற்ற மறக்காதீர்கள். இச்செயலி தானாகத் தருவது வேறு மதிப்பு.

சுமையாக 33 ஓம் மின்தடை, அதாவது ஏறத்தாழ அரை ஆம்பியர். வறண்டுபோன மின்தேக்கிக்கு ஈடாக 1000 மைக்ரோஃபாரட் வைத்தோம். திரையில் மலையும் பள்ளமுமாக ஒரு வரைபடம், நொடிக்கு 100 முறை. காலையில் நாம் கேட்கும் இரைச்சலின் அடிப்படை இந்த 100 ஹெர்ட்ஸ்தான். ஒரு டையோடை நீக்கிப் பார்க்கச் சொன்னேன். ஒரு பக்கத்தில் அது 50 ஆகிவிட்டது.

பள்ளத்தின் ஆழத்தை முதலில் கையால் கணக்கிட வைத்தேன். மின்னோட்டத்தை, 100-க்கும் மின்தேக்குத் திறனுக்குமான பெருக்கற்பலனால் வகுத்தால் 5 வோல்ட். திரையிலோ மூன்றரை வோல்ட் அளவில்தான் இருந்தது. "கம்ப்யூட்டர் தப்பா சார்?" இந்தக் கேள்விக்காகவே இப்பாடத்தை நடத்தலாம். மின்தேக்கி 10 மில்லிநொடி முழுவதும் மின்னிறக்கம் அடைவதில்லை, அடுத்த உச்சம் வருமுன்பே மீண்டும் மின்னேற்றம் தொடங்கிவிடுகிறது என்பதை வரைபடத்தில் விரல் வைத்து அவர்களே கண்டுபிடித்தார்கள். மின்னழுத்தம் இறங்க இறங்க மின்னோட்டமும் குறைகிறது என்பது இரண்டாவது காரணம். 4700 வைத்ததும் பள்ளம் 1 வோல்ட்டுக்குள் வந்துவிட்டது.

இனி அந்த 16 வோல்ட் மின்தேக்கிக்கு வருவோம். சுமை இருக்கும்போதே உச்சம் 16-ஐத் தாண்டுகிறது. சுமை இல்லாதபோது மின்மாற்றி எழுதியிருப்பதை விடக் கூடுதலாகவே தரும். அதற்கு 10 விழுக்காடு சேர்த்து, வீட்டு மின்னழுத்தம் 250-ஐத் தொட்டால் என்ன ஆகும் என்று கணக்கிட்டோம். 20 வோல்ட். செயலி இதைச் சாதாரண எண்ணாகக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்தது, ஏனென்றால் திரையில் மின்தேக்கி வெடிப்பதில்லை. உண்மையில் அது வீங்கும், சூடான திரவத்தைப் பீய்ச்சும். அதன் மேல் குனிந்து பற்றவைக்கிறவன் கண்ணில் படலாம். பெருக்கியில் இருப்பது டிடிஏ2030 என்றால் அதன் எல்லையும் 18 வோல்ட்தான். எங்களுடையது சற்றுக் கூடுதல் தாங்கும் 'ஏ' வகை, 22 வோல்ட் வரை. தப்பித்தோம். மாணவன் மின்தேக்கிகளை எடுத்துச் சென்று 25 வோல்ட்டாக மாற்றி வந்தான்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு: மாணவர்கள் 230 வோல்ட் பக்கத்தைத் தொடவே கூடாது. அணைத்த பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் இருக்கும், மின்தடை வழியாக இறக்கிய பிறகே கை வையுங்கள். எதிர்ப் பக்கத்து மின்தேக்கியின் முனைகளை இருமுறை சரிபாருங்கள். செயலியில் மின்மாற்றிச் சுருளுக்கு அரை ஓம் மின்தடை சேர்த்தால் விடை நிஜத்துக்கு நெருங்கி வரும். சேர்க்காமலும் ஒருமுறை ஓட்டி, டையோடு வழியே பாயும் மின்னோட்டத்தைப் பார்க்க வையுங்கள். சுமைக்கு அரை ஆம்பியர்தான், டையோடிலோ அதைப்போல் பல மடங்கு உயரக் கூர்முனைகள். ஏன் என்பதை நான் சொல்லவில்லை, வீட்டுப்பாடமாக விட்டேன்.

ஒலிபெருக்கியின் இரைச்சல் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. மைக் கம்பியைத் தொட்டால் மட்டும் மெல்லிய முனகல் கேட்கிறது. எங்கள் திரைச் சுற்றில் மைக் கம்பியே இல்லை. அடுத்த வாரம் அதன் தரை இணைப்பைப் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.