பாட்டு யார் பேரில் இருக்கிறது?

எட்டுப் பாட்டும் தயார். மிக்ஸிங் முடிந்தது, அட்டைப்படம் வந்துவிட்டது, வெளியீட்டுத் தேதியை இன்ஸ்டாகிராமில் போடக் கை பரபரக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். சினிமாவுக்கு வெளியே, தாங்களே எழுதி மெட்டமைத்துப் பாடுகிறவர்கள் பெரும்பாலும் இசையில் சறுக்குவதில்லை, காகித வேலையில்தான் சறுக்குகிறார்கள்.

பாட்டுக்கு இரண்டு வழியாகப் பணம் வரும். பதிவான ஒலிக்கு, அதாவது மாஸ்டருக்கு, உரிய பணத்தை, பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் ஏற்றிவிடும் டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கித் தருவார். வரிக்கும் மெட்டுக்குமான ராயல்டி ஐபிஆர்எஸ் என்ற உரிமைச் சங்கம் மூலம் வரும். 1969-இல் தொடங்கிய இந்தச் சங்கத்தில் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உறுப்பினராகலாம். ஆனால் உறுப்பினர் ஆனதோடு வேலை முடியாது. ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியே பதிய வேண்டும். இந்த இரண்டாவது படியைப் பலர் ஏறுவதே இல்லை. பிறகு ராயல்டி வரவில்லை என்று புலம்புகிறார்கள்.

அடுத்தது நண்பர்கள். சரணத்து மெட்டைக் கிட்டார் வாசிக்கும் நண்பர் சொன்னாரா? அப்படியானால் மெட்டில் அவருக்கும் பங்கு உண்டு. எத்தனை விழுக்காடு என்பதைப் பாட்டு ஓடிய பிறகு பேசினால் நட்பு போகும். ஒலிப்பதிவு நாளிலேயே பேசினால் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிந்துவிடும். பாட்டின் பெயர், யார் எதைச் செய்தார்கள், யாருக்கு எவ்வளவு, கையெழுத்து: ஒரே பக்கம் போதும். வாசிக்க வந்தவருக்குச் சம்பளம் மட்டுமா, பங்கும் உண்டா என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். இளையராஜா பாடல்களில் யாருக்கு எது சொந்தம் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்ததைப் பார்த்த ஊர் நம்முடையது. அவ்வளவு பெரியவருக்கே அந்த நிலை.

இணையத்தில் வாங்கிய லூப்பைப் பாட்டில் போட்டிருந்தால் இன்னொரு சிக்கல். அதே லூப்பை வேறு பலரும் வாங்கியிருப்பார்கள். உங்கள் ஒலி எந்த வீடியோவில் வந்தாலும் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் அந்தப் பாட்டைப் பதிந்தால் சம்பந்தமில்லாதவர் வீடியோக்களுக்கெல்லாம் உரிமைக் கோரிக்கை பாயும், கடைசியில் உங்கள் கணக்குக்கே ஆபத்து வரும். அப்படிப்பட்ட பாட்டுக்குக் கன்டென்ட் ஐடி வேண்டாம்.

வெளியீட்டுக்கு வருவோம். எட்டையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். ஸ்பாட்டிஃபையில் 12 மாதங்களுக்குள் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பணம் கிடையாது. இது 2024-இல் நடைமுறைக்கு வந்த விதி. புதியவரின் ஆல்பத்தை மொத்தமாக விட்டால் முதல் இரண்டு பாட்டோடு கேட்பவர் கிளம்பிவிடுவார், மீதி ஆறும் அந்தக் கோட்டுக்குக் கீழேயே கிடக்கும். இரண்டு மூன்று பாட்டுகளை மாதம் ஒன்றாக விட்டுவிட்டு, ஆல்பத்தைக் கடைசியில் கொண்டுவருவதே நல்லது என்பது என் கட்சி. 'ஆல்பம் ஒரு முழுக் கதை, பிரித்தால் கெட்டுவிடும்' என்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும், கதையைக் கேட்க முதலில் ஆள் வர வேண்டுமே!

பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்குப் பாட்டைப் பரிந்துரைக்கும் வசதி ஸ்பாட்டிஃபையிலேயே இருக்கிறது. வெளிவராத பாட்டை மட்டுமே அனுப்பலாம், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான். ஏழு நாளாவது முன்னதாக அனுப்பினால் உங்களைப் பின்தொடர்பவர்களுக்குப் புதுப் பாட்டுகளைக் காட்டும் ரிலீஸ் ரேடார் பட்டியலிலும் அது வரும். அதனால் டிஸ்ட்ரிபியூட்டரிடம் ஒரு மாதம் முன்பே பாட்டைக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு பாட்டு நன்றாக ஓடினால் ஏதாவது ஒரு கம்பெனி ஒப்பந்தத்தோடு வரும். 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, வரிக்கும் மெட்டுக்கும் சேர வேண்டிய ராயல்டிப் பங்கை வாரிசுகளுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது, எழுதினாலும் செல்லாது. மாஸ்டருக்கு அந்தக் காப்பு கிடையாது. உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனால் கம்பெனி வக்கீல் அந்த இடத்தைக் காலியாக விடமாட்டார். 'நிரந்தரமாக' என்ற சொல் கண்ணில் பட்டால் அன்றைக்குக் கையெழுத்திடாதீர்கள். முதலில் உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள்.